நாச்சிமுத்து வண்டிக்குக் கண்ணாடி மாட்டப் போனது

கொழும்பில் எனக்கு ஒரு சின்ன மோட்டார் சாமான் கடை. வண்டிக்கு முன்னால் மாட்டுகிற காற்றுக் கண்ணாடி விற்றே பாதி ஆயுள் போய்விட்டதால், காற்றைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஆடி மாதத்தில், கடல் தாண்டி வந்து சேலத்தில் இறங்கினேன். ஒரு கையில் துணிப்பெட்டி. இன்னொரு கையில் கோணி சுற்றிய இரண்டு கண்ணாடிகள்.

நான் வந்தது நாச்சிமுத்துவுக்காக. கொழும்பில் துரைமார் பட்டறை ஒன்றில் என்னோடு ஆறு வருஷம் வேலை செய்தவன். ஊர் திரும்பியதும் ஏற்காட்டுத் தோட்டத் துரை ஒருவரிடமிருந்து, பக்கத்தில் தொட்டி வைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். காலை ரயிலில் சேலத்துக்கு வரும் பத்திரிகைக் கட்டுகளைத் தொட்டியில் அடுக்கிக்கொண்டு ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் போடுவது அவன் பிழைப்பு. நான் வருவதற்கு முந்தின வருஷம் பஸ்ஸின் பின்னால் போகும்போது ஒரு கல் தெறித்து, முகத்தில் கட்டியிருந்த தூசிக் கண்ணாடி உடைந்து, சில்லு இடது கண்ணுக்குள் போய்விட்டது. அந்தக் கண் போனது போனதுதான்.

எனக்கு எழுதிய கடிதத்தில் இப்படி இருந்தது: "அண்ணா, மிச்சம் இருப்பது ஒற்றைக் கண். முகத்தில் இனிக் கண்ணாடி கட்டப் பயமாக இருக்கிறது. கட்டாமல் போனால் ஆடிக்காற்று தலையைப் பிடித்து உலுக்குகிறது, மண்ணை வாரிக் கண்ணில் போடுகிறது. வண்டிக்கு முன்னால் காற்றை மறைக்க ஒன்று கொண்டு வாருங்கள். உடையாததாக இருக்கட்டும். மூக்கு உயரத்துக்கு மேல் வேண்டாம்."

உடையாதது என்றால் செல்லுலாயிட் தகடு. அவன் கேட்டானே என்று அதில் ஒன்று எடுத்தேன். எனக்குப் பிடித்ததற்காகத் தலைக்கு மேல் வரும் உயரத்தில் கெட்டியான கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொண்டேன். மூக்கு உயரம் என்று அவன் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சேலத்தில் பஸ் ஏறியதுமே காற்று யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் காற்று கடலிலிருந்து வரும், கையில் மழையோடு வரும். இது மேற்கே மலை இடுக்கில் புகுந்து, மழையை மலைக்கு அந்தப் புறமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு வந்து காட்டு மண்ணை அள்ளி வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததை நான் பார்க்கவில்லை. பஸ் கூரையிலிருந்து ஒரு கோழிக்கூடை பறந்ததைப் பார்த்தேன். டிரைவர் பஸ்ஸை நிறுத்த, கண்டக்டர் முதற்கொண்டு எல்லாரும் இறங்கிச் சோளக்காட்டுக்குள் கோழி பிடித்தார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. கண்ணாடியைக் கூரையில் போடச் சொன்ன கண்டக்டரோடு சண்டை போட்டு அதை மடியில் வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. "மகளுக்குச் சீதனமாக நிலைக்கண்ணாடி கொண்டு போகிறார் போல" என்றாள் ஒருத்தி. "கல்யாணத்துக்குப் போகிறவர் முகமா அது? இழவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறார்" என்றாள் மற்றவள். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ராசிபுரத்துக்கு முன்னால் வெண்ணந்தூர் பிரிவில் நாச்சிமுத்து வண்டியோடு நின்றிருந்தான். ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். இடது இமை ஒட்டிப்போய்க் குழி விழுந்திருந்தது. வலது கண் செக்கச்செவேலென்று சிவந்து, ஓயாமல் நீர் வடித்துக்கொண்டிருந்தது.  அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், வண்டியின் சங்கிலி தொங்குகிறதே என்று அதட்டினேன்.

"வந்ததும் வராததுமா வையறீங்களேண்ணா! மொதல்ல ஊட்டுக்கு வாங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான்.

அவன் மனைவி பாவாயி சந்தகை பிழிந்து வைத்திருந்தாள். வெல்லம் கலந்த தேங்காய்ப்பால், ராசிபுரம் நெய். நெய்யின் மணத்துக்கே ஒரு பயணம் வரலாம். இது எங்கள் ஊர் இடியாப்பம்தானே என்று நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அதெப்படீங்ண்ணா ஒண்ணாகும்? நீங்க மாவப் புழிஞ்சு வேக வெக்கறீங்க. நாங்க வெந்ததப் புழியறமுங்க. எது சிரமம்னு புழிஞ்சு பாத்தாத் தெரியுமுங்க."

சாப்பிட்டதும் இரண்டு கண்ணாடிகளையும் சுவரோரம் நிறுத்தி வைத்தேன். நாச்சிமுத்து நேரே செல்லுலாயிட் தகட்டிடம்தான் போனான். வளைத்துப் பார்த்தான், விரலால் சுண்டிப் பார்த்தான். "இது போதுமுங்கண்ணா."

"இது ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிடும். தூசி உரசி உரசித் தடமாகிவிடும். நெருப்புப் பட்டால் பக்கென்று பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் கண்காரனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டாமா?"

"கண்ணாடின்னா பயமா இருக்குதுங்க. அதுமில்லாம அது ஆளு ஒசரம் இருக்குதுங்களே. காத்து சும்மா உடுமுங்களா?"

"காற்றே வராது. அதற்குத்தானே உயரம்? நீ ஓட்டுகிறவன், நான் விற்கிறவன்."

பெரியவன் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அவனிடம் பட்டறையிலேயே கிடையாது. "சரி, நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டுத் தகட்டைக் கோணிக்குள் திரும்ப வைத்தான். அவன் கொஞ்சம் முரடனாக இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் உயரக் கண்ணாடியை நட்டமாக நிறுத்தி, நான்கு மறையாணிகளை முடுக்கினேன். சேலம் போய்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பினோம். அவன் ஓட்ட, நான் தொட்டியில் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். எதிர்க்காற்று கண்ணாடியில் மோதி உறுமியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ராசிபுரத்தில் கட்டு இறக்கும்போது, "பின்னாலருந்து அடிக்குதுங்கண்ணா" என்றான் நாச்சிமுத்து.

"என்ன பின்னாலிருந்து?"

"காத்துதானுங்க. கண்ணாடிக்கு மேல ஏறிப்போயி, எம் பொடனிக்குப் பின்னால மடங்கி, திரும்பி மூஞ்சிக்கே வருதுங்க. மின்ன ஒரு பக்கந்தான் அடிச்சுது. இப்ப மண்ணு உள்ளுக்குள்ளயே சுத்திச் சுத்தி நிக்குது."

அவன் சொன்னது முழுக்க நிஜம். உயரமான பலகைக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதை நிரப்பப் பக்கத்திலிருந்தும் கீழேயிருந்தும் காற்று தூசியோடு சுழன்று உள்ளே வருகிறது. நான் தாழத் தொட்டியில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது படவில்லை. எனக்குப் படாத ஒன்று உலகத்திலேயே இல்லை என்பது போலப் பேசினேன். "ரெண்டு நாளில் பழகிவிடும், ஓட்டு" என்றேன்.

நாமக்கல்லில் கடைசிக் கட்டைப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் அது நடந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்பைக் கதிர் அறுத்து, களத்தில் மாடு கட்டி மிதிக்க விடுவதற்குப் பதிலாகத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் வண்டியும் ஏறி ஏறி மணி உதிரும். பிறகு அங்கேயே நின்று காற்றில் தூற்றுவார்கள். மாட்டுக்கும் வேலையில்லை, ஆளுக்கும் வேலையில்லை. எங்கள் ஊரில் சாலையில் தேங்காய் மட்டை கிடந்தாலே போலீஸ்காரன் வந்துவிடுவான். இங்கே சாலை என்பது எல்லாருக்கும் பொதுவான களம்.

கதிர் பரப்பியிருந்த தோட்டக்காரர் நாச்சிமுத்துவுக்கு மாமன் முறை. பாதி வழியிலேயே துண்டை வீசி நிறுத்தினார்.

"மாப்ள, பொழுது சாயறதுக்குள்ள இன்னொரு பஸ்ஸு வராது. நாலு சுத்து சுத்திப்போட்டுப் போங்க சாமி."

"சுத்தறதுக்கு என்னுங்க மாமா" என்றான் நாச்சிமுத்து. நான் இறங்கப் போனேன்.

"நீங்க எறங்காதீங்க சாமி, பாரம் வேணுமல்லொ!" என்று அவர் என்னைத் தொட்டிக்குள்ளேயே அமர்த்திவிட்டார். என் உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார் என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உறவுக்காரர் களத்தில் கேட்டு மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் யாரும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

முதல் சுற்று, இரண்டாம் சுற்று. பக்கத்தில் இரண்டு பெண்கள் முறத்தைத் தூக்கி உமி தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று அதை வாரிக்கொண்டு வந்தது. கம்பின் சுணை தெரிந்தவர்களுக்குத் தெரியும், உடம்பில் பட்டாலே ஊறல் எடுக்கும். அது என் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்து, நாச்சிமுத்து முகத்துக்கு நேராகக் கொதிக்கிற உலையில் அரிசி சுழல்கிற மாதிரி சுழன்றதை அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். மூன்றாம் சுற்றில் வண்டி நின்றது. அவன் வலது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"தேய்க்காதே!" என்று கத்தினேன்.

"தேய்க்கலீங்க" என்றான். தேய்த்துவிட்டிருந்தான்.

தோட்டக்காரர் பதறிப்போய் ஊருக்குள் ஆள் அனுப்பி ஓர் அம்மாளை அழைத்து வரச் செய்தார். கண்ணில் விழுந்த தூசியை நாக்கால் எடுப்பதில் அவள் சுற்று வட்டாரத்தில் பேர் போனவள். வாயை மூன்று தடவை கொப்பளித்தாள். இமையைப் பிரித்து நாக்கு நுனியால் ஒரு தடவு தடவினாள். உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். நகக்கண் அளவு உமி. "வந்துருச்சு சாமி. தாய்ப்பாலு ரெண்டு சொட்டு உட்டா நாளைக்குக் குளுந்துரும்" என்றாள். அதையும் செய்தார்கள். என் கண்ணெதிரில் உமி வெளியே வந்ததால் நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உமி உள்ளே போவதற்கு வழி செய்தவன் நான்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். அப்போது காற்று மடங்கி வந்து என் பிடரியில் அடித்த அடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

நான் வந்த மூன்றாம் நாள் காலையில் அவன் கண் வீங்கியிருந்தது. கருவிழியில் சோற்றுப் பருக்கை ஒட்டின மாதிரி ஒரு வெள்ளை. நாச்சிமுத்து ஈரத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்திரிகைக் கட்டுகளைப் பஸ்காரரிடம் ஏற்றிவிடச் சொல்லிச் சேலத்துக்குச் சொல்லி அனுப்பினோம்.

"சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போயரலாமுங்களா?" என்று பாவாயி கேட்டாள்.

"போகலாம். பஸ்ஸில் வேண்டாம். ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது, இருக்கிற மண்ணெல்லாம் இந்தக் கண்ணில்தான் விழும். தகட்டைச் சரியாக மாட்டிவிட்டு நம் வண்டியிலேயே, ஒரு தூசி படாமல் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றேன். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நேற்றுச் செய்த தப்பை இன்றைக்கே சரி செய்து காட்ட வேண்டும் என்கிற வெறி என்னைப் பிடித்திருந்தது. அதற்கு நான் அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

உயரக் கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன். செல்லுலாயிட் தகட்டை மாட்டினேன். காற்று எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்க்க வழி வேண்டுமே. வெண்ணந்தூர்த் தறிக்காரர் ஒருவரிடம் அறுந்த பாவு நூல் ஒரு பிடி வாங்கி வந்து, தகட்டின் விளிம்பிலும், கைப்பிடியிலும், என் தலை உயரத்துக்கு இருக்கையில் கட்டிய ஒரு குச்சியிலும் துண்டு துண்டாகக் கட்டினேன். நான் ஓட்ட வேண்டும், யாராவது தொட்டியில் உட்கார்ந்து நூலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு ஆள் இல்லாததால் பாவாயியைக் கூப்பிட்டேன். கட்டிலில் கிடக்கிற புருஷனை விட்டுவிட்டு, முந்தானையை இறுக்கிக்கொண்டு அவள் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க தலகிட்ட நூலு பேயி புடிச்சாப்பல ஆடுதுங்க" என்பாள். நிறுத்தி, தகட்டின் மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலம் அறுப்பேன். மறுபடி ஓட்டுவேன். "இன்னும் ஆடுதுங்க." இன்னும் ஒரு விரல். பிறகு தகட்டைப் பின்பக்கம் சாய்த்தேன். மேலே அடங்கியது, வயிற்றருகே சுழன்றது. அன்று பொழுது அதிலேயே போயிற்று.

நான்காம் நாள் காலையில் கட்டிலில் கிடந்தபடியே நாச்சிமுத்து சொன்னான்: "அடியில சந்து உட்டுப் பாருங்கண்ணா. முழுக்க மறைச்சாத்தான் காத்துக்குக் கோவம் வருது. கொஞ்சம் உள்ள உட்டா அது பாட்டுக்குப் போயிரும்." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அடியில் நான்கு விரல் சந்து விட்டேன். மேல் விளிம்பு சரியாக மூக்குக்கு நேரே வந்து நின்றது. சாலையில் முழு வேகத்தில் விட்டேன். உலகமெல்லாம் ஊளையிட்டது, என் முகத்துக்கு முன்னால் மட்டும் அமைதியாக இருந்தது.

"ஆடுதா?"

பாவாயி ஒவ்வொரு நூலாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நூலு ஆடலீங்க. இனியாச்சும் கெளம்பலாமுங்களா?"

அன்று பொழுது சாய்ந்துவிட்டது என்று சொல்லி அதையும் அடுத்த நாளுக்குத் தள்ளினேன்.

ஐந்தாம் நாள் காலையில் அவனை என் பின்னால் உட்கார வைத்து, பாவாயியைத் தொட்டியில் ஏற்றி, சேலம் போனோம். வழி நெடுக ஒரு தூசி அவன் மேல் படவில்லை. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கட்டை அவிழ்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"உமி விழுந்து எத்தனை நாளாச்சு?"

"இன்றைக்கு நான்காவது நாள்."

"மறுநாளே வந்திருக்கலாமே? இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

 தகடு அறுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவா?  அவர் பக்கத்திலிருந்த உதவியாளரிடம் இங்கிலீஷில் சொன்னார்: "கருவிழி முழுக்கப் புரையோடிவிட்டது. பார்வை திரும்பாது. வலியை நிறுத்தத்தான் பார்க்க வேண்டும். இப்போது இவரிடம் சொல்ல வேண்டாம்."

ஆறு வருஷம் துரைமார் பட்டறையில் வேலை செய்தவனுக்கு அந்த இங்கிலீஷ் விளங்காதா? டாக்டர் நகர்ந்ததும் நாச்சிமுத்து என் கையைத் தேடிப் பிடித்தான். "அவரு சொன்னது கேட்டுச்சுங்கண்ணா. பாவாயிகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால ஆகாது."

வராந்தாவில் நின்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அன்னைக்கே கேட்டனுங்களே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் உள்ளே போய் அவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து நாள் அங்கேயே கிடந்தோம். கப்பல் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். பாவாயி கம்மஞ்சோறு கரைத்து அவனுக்கு ஊட்டுவாள். எனக்கும் ஒரு சொம்பு கொடுப்பாள், முகம் பார்க்காமல். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னை அவனுடைய சொந்த அண்ணன் என்று நினைத்துக்கொண்டு, இப்படி ஒரு அண்ணன் வாய்க்க வேண்டுமே என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவேன்.

வலி நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த மாதிரியே திரும்பினோம். நான் ஓட்ட, அவன் என் பின்னால், பாவாயி தொட்டியில். ஆடி முடியவில்லை. பனைமரமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சோளத்தட்டு காற்றில் படுத்து எழுந்தது. செல்லுலாயிட் தகட்டுக்குப் பின்னால் என் மேல்துண்டு கூட அசையவில்லை. என் ஆயுளில் இவ்வளவு கச்சிதமாக ஒரு கண்ணாடி நான் மாட்டியதில்லை.

பாதி வழி போயிருப்போம். நாச்சிமுத்து என் தோளைத் தட்டினான்.

"அண்ணா, வண்டி போவுதுங்களா, நிக்குதுங்களா?"

"போகிறது. ஏன்?"

"ஒண்ணும் தெரியலீங்க. இருட்டுக்குள்ள சும்மா குந்த வெச்சாப்பல இருக்குது. காத்துக்கூட இல்லீங்க." மறுபடி தோளைத் தட்டிச் சொன்னான்: "அந்தத் தகட்டக் கழட்டிருங்கண்ணா."

சாலையோரம் நிறுத்தினேன். நான்கு மறையையும் கழற்றினேன். ஒன்று புழுதியில் விழுந்தது, நான் தேடவில்லை. தகட்டைப் பாவாயி வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். வண்டியை எடுத்ததும் காற்று மண்ணோடு வந்து மூவரையும் அறைந்தது.

பின்னால் அவன் முகத்தை நிமிர்த்திக்கொண்டான் என்பது தோளில் இருந்த அவன் கையிலேயே தெரிந்தது.  கொஞ்ச தூரம் போனதும் மண் வாடை மாறி, காற்றில் கொஞ்சம் ஈரம் பட்டது.

"ஏரிக்கரை வந்துருச்சாட்ட இருக்குதுங்களே?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.